உனக்கு வைத்த காப்பி

அக்கா,

என் வாயில் இன்னும் காப்பிக் கசப்பு இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் ஒரு துணுக்குக் கருப்பட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய் கொப்பளிக்கவில்லை. கொப்பளிக்கவும் மாட்டேன். மத்தியானம் உன் வருசத் திதி முடிந்தது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இருக்கத்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். என் புருசனுக்கு அண்ணன் பெண்டாட்டி, மூத்த மருமகள், மரியாதை குறையக் கூடாது. இன்றைக்குக் கோபத்தில் 'நீ' என்றுதான் வருகிறது. பொறுத்துக்கொள். நீ பொறுத்துக்கொள்ளாதது என்று எதுதான் இருந்தது?

நடந்ததைச் சொல்கிறேன். போன அமாவாசையை ஒட்டி அத்தை ஒரு கனவு கண்டார். நீ அடுப்படியில் கையில் தம்ளரோடு நின்றாயாம். தாகமாக இருக்கிறது என்றாயாம். விடிந்ததும் குறி சொல்கிற கோடாங்கியைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவன் உடுக்கையை அடித்துவிட்டு, "மூத்தவளுக்கு ஒரு ஆச நெறவேறாம நிக்குது தாயி. அதான் இளையவ வயித்தக் கட்டி வச்சிருக்கா" என்றான். இளையவள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ உயிரோடு இருக்கும்போதே உன் புருசனுக்கு இரண்டாந்தாரமாக வந்தவள். செத்த பிறகும் குற்றவாளி நீதான், பார்த்துக்கொள். கோடாங்கி போன கையோடு அத்தைக்கு ஞானம் பிறந்துவிட்டது. "அவ காப்பின்னா உசுர விடுவா. திதிக்கு எலையில ஒரு தம்ளரு காப்பி வச்சிருவோம். மனசு குளுந்து போயிருவா" என்றார்.

காப்பி. உனக்கு. இந்த வீட்டில்.

அதோடு விட்டாரா? இன்று காலையில் அடுப்படி வாசலில் நின்று எனக்குப் பாடம் வேறு எடுத்தார். "மொத டிகாஷன்ல போடு. பாலு நெறைய ஊத்து. ரேசன் சீனின்னு பாக்காத, தாராளமாப் போடு." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமாவது கூசுகிறதா என்று பார்த்தேன். இல்லை. அவர் மறந்தே போய்விட்டார், அக்கா. மறந்துபோகிறவர்களுக்கு என்ன சுகம் பார். நினைவு வைத்துக்கொண்டிருக்கிறவளுக்குத்தான் வயிறு எரிகிறது.

அத்தை மறந்ததையெல்லாம் நான் எழுதி வைக்கிறேன்.

மார்க்கையன்கோட்டையில் இந்த வீட்டுக்குள் காப்பி நுழைந்தது நான் மருமகளாக வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். மாமா வாய்க்கால் வழக்குக்காக மதுரைக்குப் போய்வந்து, அங்கே காப்பிக் கிளப்பில் குடித்துப் பழகி, ஒரு பித்தளை ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாராம். அதுவரை விடிந்தால் நீராகாரம் குடித்த வீடு. ஃபில்டரை நடுவீட்டில் வைத்து எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்களே தவிர, கொட்டையை எந்தப் பதத்தில் வறுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தது. உன் அய்யா சுருளிப்பட்டியிலிருந்து குமுளி மேட்டுக்கு அப்பால் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். பழம் பறிக்கிற காலத்தில் நீயும் கூடப் போய்க் கூலியாட்கள் தங்கும் லயத்தில் கிடந்து வளர்ந்தவள். அன்றிலிருந்து அந்த ஃபில்டர் உன் தலையில் ஏறியது.

நான் வந்த புதிதில் உன்னை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். மாமாவுக்குக் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன், பால் பேருக்கு, தம்ளரைக் கையில் பிடிக்க முடியாத சூடு. சூடு கொஞ்சம் தணிந்திருந்தால் தம்ளர் அப்படியே திரும்பி வரும். உன் புருசனுக்குச் சீனி தூக்கல், நன்றாக ஆற்றி நுரையடித்து, ஒரே மடக்கில் குடிக்கிற பதம். என் புருசனுக்கு டவராவில் ஊற்றி ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். ஆடை மிதந்தால் முகம் சுளிப்பார். அத்தைக்குச் சுக்கு தட்டிப் போட்டுக் கருப்பட்டி. கணக்குப்பிள்ளை வந்தால் அவருக்குத் தனித் தம்ளர், அதில் தளும்பத் தளும்ப. யாரையும் நீ கேட்டதில்லை. யார் வயலுக்குப் போகிறார், யாருக்குச் சளி, யார் கோபமாக இருக்கிறார் என்பது வரை உன் கை அறிந்து கலந்தது. இத்தனையும் ருசி பார்க்காமல். ஆவியை மட்டும் முகர்ந்து பார்ப்பாய், தலையை ஆட்டிக்கொள்வாய், ஊற்றுவாய்.

ருசி பார்க்க உனக்கு அனுமதி இல்லை. அத்தை மறந்தது அதைத்தான்.

கல்யாணமாகிக் கொஞ்ச வருசம் தொட்டில் ஆடவில்லை என்றதும் அத்தை காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "மலையில கருங்காப்பியாக் குடிச்சுக் குடிச்சு வயிறு வெந்து கெடக்கு. அங்கன புள்ள எப்படித் தங்கும்?" என்றார். வைத்தியர் சொல்லவில்லை, சாமி வந்து சொல்லவில்லை. அத்தை சொன்னார், அது சட்டமாகிவிட்டது. வீட்டில் மற்றப் பெண்களுக்கு மண்டிக் காப்பியாவது உண்டு. ஆண்கள் குடித்து முடித்த பிறகு, ஃபில்டரில் கிடக்கிற சக்கையைச் சட்டியில் தட்டித் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, ஒரு வில்லைக் கருப்பட்டியைப் போட்டால் எனக்கு ஒரு தம்ளர். எனக்கு வந்த வருசமே பிள்ளை. உனக்கு அந்தக் கழுவுநீரும் கிடையாது. ஆனால் அத்தையின் சுக்குக் காப்பி யார் வயிற்றையும் வேக வைக்காது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

நான் என் தம்ளரை உன் பக்கம் தள்ளினால், "வேணாம் புள்ள. அத்தை மோந்து பாப்பாக" என்பாய். முதலில் அதை ஏதோ பேச்சு என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் என் கண்ணாலேயே பார்த்தேன். பால் கறந்துவிட்டு உள்ளே வந்த உன்னை நிறுத்தி, "ஏத்தா, வாய ஊது" என்றார். நீ ஊதினாய். வயசில் பெரியவள், வீட்டுக்கு மூத்தவள், குழந்தை மாதிரி வாயைக் குவித்து ஊதினாய். அவர் மோந்து பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார். நீ பால் செம்பை எடுத்துக்கொண்டு போனாய்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான், அக்கா. மறைக்க மாட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "ஊத மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் என்ன? தலையையா வாங்கிவிடுவார்கள்? உன்னை எல்லாரும் வாயில்லாப் பூச்சி என்றார்கள். உனக்கு வாய் இருந்தது. அந்த வாயை மோந்து பார்க்கக் கொடுத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த ஆடி அமாவாசையை மறந்திருக்க மாட்டாய். முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு சுருளித் தீர்த்தத்துக்குப் போனார்கள். என் பிள்ளைக்கு மாந்தம், நான் போகவில்லை. மாடு கறக்க ஆள் வேண்டும் என்று உன்னையும் நிறுத்திவிட்டார்கள். வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன். "அக்கா, இன்னைக்கு மொத டிகாஷன் நம்மளுக்கு" என்றேன். நீ பயப்படுவாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "டிகாஷன் எதுக்குடி? நான் போடுறேன் பாரு" என்று ஃபில்டரைத் தொடாமல் ஒரு மண்சட்டியை எடுத்தாய்.

கொட்டையை அப்போதுதான் வறுத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் ஒன்றிரண்டாக இடித்தாய். தண்ணீர் தளபுளவென்று கொதிக்கும்போது சட்டியை இறக்கித் தூளைப் போட்டு மூடி, மேலே ஒரு ஈரத்துணியைப் போர்த்தினாய். தூள் அடியில் படியட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பிறகு துணியில் வடித்துத் தம்ளரில் ஊற்றி, நான் பால் செம்பை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்தாய். "பாலு ஊத்துனா காப்பி வாசம் செத்துப்போகும் புள்ள. மலையில பாலு ஏது? எங்கய்யா இப்படித்தான் குடிப்பாரு" என்றாய். சீனியும் போடவில்லை. கருப்பட்டியை ஒரு துண்டு உடைத்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, அதன் மேலேயே அந்தக் கருப்பை உறிஞ்சினாய்.

உன் முகத்தை நான் அப்படி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கண்ணை மூடவில்லை, பெருமூச்சு விடவில்லை. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய், அவ்வளவுதான். இந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து உன்னை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். லயத்துக் குளிரைப் பற்றிச் சொன்னாய், அட்டை கடித்ததைச் சொன்னாய், ஒரு மலையாளத்துக் கிழவி கட்டன்காப்பி என்று எதையாவது ஊற்றிக்கொடுத்து ஏமாற்றுவாள் என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குக் கசப்பு தொண்டையில் நின்றது. உனக்காகக் குடித்தேன்.

சாயங்காலம் வண்டி வந்து நின்றது. அத்தை முற்றத்தில் கால் வைத்ததும் மூக்கைச் சுருக்கினார். இடித்த வாசம் வீட்டை விட்டுப் போகவில்லை. நேராக உன்னிடம் வந்து, "வாய ஊது" என்றார். எல்லாரும் நின்றார்கள். நீ ஊதினாய்.

"சொன்னேன்ல" என்று அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் அங்கன போயி இவளுக்காக முழுகி எந்திரிச்சு வந்தா, இவ இங்கன திருட்டுத்தனமாக் குடிச்சிருக்கா. இவ வயித்துல எதுடா நிக்கும்?"

"நான்தான் போடச் சொன்னேன் அத்தை. நானும்தான் குடிச்சேன்" என்றேன்.

"நீ குடிச்சாக் குடி. ஒனக்குத் தொட்டிலு ஆடுது" என்றார்.

உன் புருசன் அங்கேதான் நின்றார். காலைக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து வந்தது என்ன என்று நினைவிருக்கிறதா? "அலைஞ்சு வந்தது அசதியா இருக்கு. எனக்கு ஒரு காப்பி போடு" என்றார். நீ போய்ப் போட்டாய். சீனி தூக்கலாக, நுரையடித்து, அவருக்குப் பிடித்த மாதிரியே போட்டாய். எனக்கு அந்த நுரையைப் பார்த்ததும் சட்டியைத் தூக்கி எறியலாமா என்று வந்தது.

அந்தக் கார்த்திகையிலேயே தேவதானப்பட்டியில் பெண் பார்த்துவிட்டார்கள். நீ அன்று குடித்த ஒரு தம்ளர்தான் சாக்கு. பேச்சு அதற்கு முன்பே இருந்தது, சாக்குக்குத்தான் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்துக்கு அண்டாவில் காப்பி போட்டது யார்? நீ. உன் புருசன் கல்யாணத்துக்கு. பெண்ணைப் பெற்றவர் பந்தலில் உட்கார்ந்து குடித்துவிட்டு, "இப்படி ஒரு காப்பி பெரியகுளத்துலகூட நான் குடிச்சதில்ல. யாரு போட்டாக?" என்று கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, "எங்க மூத்த மருமக" என்றார். கதவுக்குப் பின்னால் நீ நின்றாய். உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அக்கா. நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காக உன்னோடு ரொம்ப நாள் நான் சரியாகப் பேசவில்லை. ஏன் என்று நீ கேட்கவும் இல்லை.

இளையவள் வந்தாள். நல்லவள். அவள் பிறந்த வீட்டில் காப்பிப் பழக்கமே கிடையாது. ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. அத்தைக்கு அதில் என்ன பெருமை. "பச்ச வயிறு, வெள்ள வயிறு" என்று ஊரெல்லாம் சொன்னார். வருசம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. வெள்ளை வயிறும் அப்படியே இருந்தது. அப்போதாவது ஒருவர் வாய் திறந்து, குறை வேறு எங்கேயாவது இருக்குமோ என்று கேட்டாரா? கேட்கவில்லை. உன் புருசனின் காப்பியை ஒரு நாளும் யாரும் நிறுத்தவில்லை.

பிறகு உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொய்னா மாத்திரை கொடுத்தார்கள், காது அடைத்தது, காய்ச்சல் விடவில்லை. கஞ்சி இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அத்தை படுத்திருந்த நேரம், நான் மண்சட்டியை அடுப்பில் வைத்து, நீ போட்ட மாதிரியே போட்டு, பால் ஊற்றாமல், கருப்பட்டித் துண்டோடு உன்னிடம் கொண்டுவந்தேன். ஒளிக்கவில்லை. கேட்டால் கேட்கட்டும் என்று நடுவீடு வழியாகத்தான் வந்தேன். நீ தம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாய். கொஞ்ச நேரம் வைத்திருந்தாய். "வாசமே தெரியல புள்ள. கொண்டு போயிரு" என்றாய்.

அந்தத் தம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு நடந்த நடைக்காக இந்த வீட்டை நான் மன்னிக்க மாட்டேன்.

இப்போது சொல், நான் இன்று பாலும் சீனியும் ஊற்றியிருக்க முடியுமா? ஃபில்டரை அது இருந்த பலகையிலேயே விட்டேன். மண்சட்டியை எடுத்தேன். கொட்டை வறுத்து, உரலில் இடித்து, இறக்கி, மூடி, வடித்தேன். புதுக் கண்டாங்கிச் சேலை, மஞ்சள், வளையல், பணியாரம், உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு என்று இலை நிறைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு தம்ளரை வைத்து, ஒரு துண்டுக் கருப்பட்டியையும் வைத்தேன்.

"என்னடி இது, கசாயம் மாதிரி? பாலு எங்க?" என்றார் அத்தை.

"அவுகளுக்குப் பாலு ஊத்துனாப் பிடிக்காது அத்தை. சீனியும் ஆகாது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஆடி அமாவாசைக்கு நீங்கள்லாம் சுருளிக்குப் போனப்ப நாங்க குடிச்சோம்ல. வாய ஊதச் சொன்னீகளே, மறந்துபோச்சா?"

உன் புருசன்தான் பேசினார். "அவளுக்குப் பாலு பிடிக்காதா? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருசம் உன் கையால் விடியற்காலையில் வாங்கிக் குடித்தவர், உனக்கு எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள இன்னொருவர் வந்து சொல்ல வேண்டுமாம்.

மாமா, "சரி சரி, நேரமாகுது, சூடத்தக் கொளுத்து" என்றார். கொளுத்தினார்கள். கும்பிட்டார்கள். காக்கைக்கு வைத்தார்கள். உன் கண்டாங்கியை எடுத்து இளையவள் மடியில் போட்டார்கள். இலையைப் பங்கு வைக்கும் நேரம் அத்தை தம்ளரைக் காட்டி, "அதப் பெரியவன்கிட்டக் குடு. புருசன் குடிச்சா அவளுக்குச் சேந்த மாதிரி" என்றார். உன் புருசனும் கையை நீட்டினார்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. நான் எட்டித் தம்ளரை எடுத்துக்கொண்டேன். "அவுக குடிச்சதெல்லாம் போதும் அத்தை. இதை அவுக தொட வேணாம்" என்றேன். என் புருசன் கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தார். மாமனார், மூத்தவர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்கள் யாரும் இலையில் கை வைப்பதற்கு முன்னால், கருப்பட்டியைக் கடித்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு குடித்தேன். ஆறிப்போயிருந்தது. கசந்தது. காலை நீட்டி உட்கார்ந்துதான் குடித்தேன்.

பாதி குடித்திருப்பேன். இளையவள் மடியில் உன் சேலையோடு நகர்ந்து என் பக்கம் வந்தாள். "அக்கா, எனக்கும் ஒரு வாய் குடுங்க" என்றாள்.

"நீ குடிக்கக் கூடாதுடி" என்று அத்தை எழுந்தே விட்டார்.

"குடிக்காம இருந்து என்னத்தப் பெத்தேன் அத்தை?" என்றாள் அவள். குரலைக்கூட உயர்த்தவில்லை. என் கையிலிருந்த தம்ளரை வாங்கினாள். முதல் வாயில் புரையேறியது, முகம் கோணியது. ஆனாலும் அடி தெரியும்வரை குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். நீ சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள், அக்கா. உன் இடத்துக்கு வந்தவள் என்று இத்தனை நாள் அவளிடம் முகம் கொடுக்காமல் ஒதுங்கியே இருந்தேன். இனி அப்படி இருக்க மாட்டேன்.

அடுத்த வருசம் உன் இலையில் காப்பி வைக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. செத்தவளுக்கு வைத்தது போதும். நாளை விடிந்ததும் ஃபில்டரில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் மண்சட்டிதான் அடுப்பில் ஏறும். எனக்கு ஒரு தம்ளர், இளையவளுக்கு ஒரு தம்ளர், பால் இல்லாமல், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு. கொட்டையை இன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன். கதவைச் சாத்த மாட்டேன், துணி போட்டு வாசத்தை மறைக்க மாட்டேன். அது முற்றம் தாண்டித் தெரு வரைக்கும் போகும்.

அத்தை மோந்து பார்க்கட்டும்.